நகையை வைத்துப் படிக்க வேண்டிய படிப்பா இது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வீட்டில் கல்லூரி முடித்த பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு போன். பழைய மாணவன். பெயர் வேண்டாம். நம் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை. கைக்கு 22,000 ரூபாய் வருகிறது. பாதி நாள் நைட் ஷிப்ட்.

"சார், ஆன்லைன்ல எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி சேரலாம்னு இருக்கேன். ரெண்டு வருஷம். வேலைய விட வேணாம். அம்மா நகைய வைக்கத் தயாரா இருக்காங்க. ஆனா உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு வைக்கலாம்னு சொல்றாங்க."

அந்த அம்மாவும் பக்கத்திலேயே இருந்தார். போனை வாங்கி, "வாத்தியாரே, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க படின்னு சொன்னா அஞ்சு பவுனையும் வச்சிடறேன்" என்றார். கணவர் இல்லை. ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் மல்லாட்டை போட்டு, நூறு நாள் வேலைக்கும் போய் மகனைப் படிக்க வைத்தவர். அந்த ஐந்து பவுன் ஏற்கனவே இரண்டு முறை அடகுக்குப் போய்த் திரும்பிய நகை.

பத்து நாள் டைம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இந்த வயதில் பத்து நாள் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. அதை இதுவரை நான் யாரிடமும் வெளிப்படையாகச் சொன்னதில்லை.

2006-ஆம் ஆண்டு. பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருந்த இன்னொரு மாணவன் இதே மாதிரி வந்து கேட்டான். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியில் பி.டெக். நடத்துகிறது, டவுனில் அதற்கு ஒரு சென்டர் இருக்கிறது, சேரட்டுமா என்றான். நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். பல்கலைக்கழகம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "பட்டம் என்றைக்கும் வீண் போகாது, சேர்" என்றேன். அவனும் சேர்ந்தான், முடித்தான், பதவி உயர்வும் வாங்கினான்.

2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் தொலைதூர முறையில் நடத்திய பொறியியல் படிப்புகளைப் பற்றியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனியாகத் தேர்வு எழுதிப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அந்தப் பட்டத்தால் கிடைத்த பதவி உயர்வும் போகும். என் மாணவன் 2006. ஒரு வருட வித்தியாசம்.

அவன் இன்று வரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்கிறான். எனக்குத்தான் அந்தப் போனை எடுக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்.

அதனால்தான் இந்த முறை பத்து நாள் கேட்டேன். பேத்தியின் லேப்டாப்பை வாங்கி உட்கார்ந்தேன். துறையில் இருக்கும் பழைய மாணவர்கள் நான்கு பேருக்குப் போன் போட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவல் பாதுகாப்பு நல்ல படிப்பு. ஆன்லைனில் முதுகலை படிப்பதும் தப்பில்லை. ஆனால் நகையை வைத்து, நிலத்தை வைத்துச் சேர வேண்டிய படிப்பு அல்ல இது. கட்டுப்படியாகும் வழிகள் இருக்கும்போது கடன் வாங்குவது அவசரத்தால்தானே தவிர அவசியத்தால் அல்ல.

துறை உண்மையா, வெறும் ஆரவாரமா?

எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான். ஒரு காலத்தில் எல்லோரும் டைப்ரைட்டிங் போனார்கள், அப்புறம் எல்லோரும் இன்ஜினியரிங் போனார்கள். இதுவும் அப்படி ஒரு அலையோ என்று நினைத்தேன்.

அலை மட்டும் அல்ல. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை யாரோ முடக்கிப் போட்டார்கள். நாட்டின் பெரிய ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் சீட்டு எழுதி நோயாளிகளைப் பார்த்தார்கள். 2019-இல் நம் கூடங்குளத்தில் நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படித் தனியாகப் பிரித்து வைக்கவும் ஒருவர் படித்திருக்க வேண்டும் இல்லையா?

சட்டமும் நெருக்குகிறது. மத்திய அரசின் செர்ட்-இன் என்ற அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, ஒரு நிறுவனத்தில் இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்களின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள எல்லா நிறுவனத்துக்கும் ஆள் வேண்டும்.

நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேர் போனில் வந்த ஓடிபியைச் சொல்லிப் பணத்தை இழந்தார்கள். அப்படி நடந்தால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. படிப்புக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதை எல்லோரும் மனதில் வையுங்கள்.

ஆக, வேலை இருக்கிறது. ஆனால் துறையில் இருக்கும் மாணவர்கள் நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னது வேறு ஒன்று. "சார், அனுபவம் இருக்கறவனுக்கு வேலை கொட்டிக் கிடக்குது. புதுசா வர்றவனுக்குத்தான் கதவு குறுகல். வெறும் சர்டிபிகேட்ட மட்டும் எடுத்துட்டு வந்தா இன்டர்வியூல மூணாவது கேள்வியில தெரிஞ்சிடும்."

அனுமதி இருக்கிறதா என்று யாரைக் கேட்பது?

2006 மாணவனுக்கே போன் போட்டேன். பத்து வருடத்துக்கு மேலாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "அன்னைக்கு நாம எங்கப்பா தப்பு பண்ணினோம்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "சார், நான் யூனிவர்சிட்டியக் கேட்டேன். சென்டரக் கேட்டேன். எல்லாரும் இருக்குன்னாங்க. அந்தக் கோர்ஸ நடத்த அனுமதி கொடுக்கறவங்க யாரோ, அவங்களக் கேக்கவே இல்ல."

இதைவிட நல்ல பாடம் நான் எடுத்ததில்லை. மாடு நல்ல மாடா என்று விற்கிறவனையே கேட்டால் என்ன சொல்வான்?

இன்றைய விதிகள் இவை. 2020 செப்டம்பரில் யூஜிசி வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் அனுமதியோடு நடத்தும் ஆன்லைன் பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம். இது நல்ல செய்தி. ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று தனித்தனியாக அனுமதி உண்டு. பல்கலைக்கழகத்துக்கு நல்ல பெயர் இருப்பது போதாது. போன வருடம் அனுமதி இருந்ததும் போதாது. யூஜிசியின் தொலைதூரக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அதில் படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது சேருகிற மாணவர்களுக்கு அந்தப் பணியகத்தின் அடையாள எண்ணும் கட்டாயம். அந்த எண்ணைப் பற்றிப் பேசாமலே பணம் கட்டச் சொன்னால் விலகி வந்துவிடுங்கள்.

பொறியியல் படிப்புகளைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்த யூஜிசி விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால் ஒரு சாதாரணப் பல்கலைக்கழகம் "ஆன்லைன் எம்.டெக்." என்று சொன்னால் அங்கேயே எச்சரிக்கையாகுங்கள். எம்.எஸ்சி., எம்.சி.ஏ. போன்றவைதான் இந்த வழியில் வருகின்றன. ஐஐடிகள் தனிச் சட்டத்தின்கீழ் இயங்குவதால் அவற்றின் கணக்கு வேறு.

இன்னொன்று. தங்கள் படிப்பை வேறு ஒரு கம்பெனிக்குக் குத்தகை மாதிரிக் கொடுத்து நடத்தக் கூடாது என்று யூஜிசி 2022 ஜனவரியிலேயே பொது அறிவிப்பு கொடுத்தது. உங்களுக்குப் போன் செய்கிறவர் பல்கலைக்கழக ஊழியரா, கமிஷன் வாங்குகிறவரா என்று கேளுங்கள். பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் ரசீது வர வேண்டும்.

விலைப் பட்டியல்

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். கணக்கு.

மேல் படியில் இருப்பவை வெளிநாடு. இங்கிலாந்தில் ராயல் ஹாலோவே கல்லூரி 1992-லேயே தகவல் பாதுகாப்புக்கு முதுகலை தொடங்கிவிட்டது. இந்தப் பாடத்துக்கு உலகில் அதுதான் முன்னோடி. பிறகு லண்டன் பல்கலைக்கழகம் வழியாகத் தொலைதூரத்திலும் கொடுத்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2019-இல் ஆன்லைன் சைபர் செக்யூரிட்டி முதுகலையைத் தொடங்கியபோது மொத்தக் கட்டணம் 10,000 டாலருக்குள் என்று சொன்னார்கள். அந்த ஊர்க் கணக்கில் அது அடிமாட்டு விலை. அதே கல்லூரியில் நேரில் படித்தால் பல மடங்கு. ஆனால் நம் ரூபாயில் எட்டு லட்சத்துக்கு மேல். அமெரிக்காவில், சிங்கப்பூரில் சம்பாதிக்கும் நம் பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கலாம். ஒரகடத்தில் 22,000 வாங்குகிறவனுக்கு அது மலிவு அல்ல. மலிவு என்பது பொருளில் இல்லை, வாங்குகிறவன் சம்பளத்தில் இருக்கிறது.

அதற்கு அடுத்தது ஐஐடி. கான்பூர் ஐஐடி 2022 முதல் வேலையில் இருப்பவர்களுக்காக ஆன்லைனில் சைபர் செக்யூரிட்டி முதுகலை நடத்துகிறது. கேட் தேர்வு வேண்டாம். கட்டணம் சுமார் 8 லட்சம். பெயருக்கு மதிப்பு உண்டு. கம்பெனி பணம் கட்டினால் யோசிக்காமல் சேருங்கள். ஆனால் ஐஐடியோ வெளிநாடோ, நான்கு வருடப் பட்டமா என்று கேட்கும் இடங்கள் உண்டு. மூன்று வருட பி.எஸ்சி. படித்தவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுப் படியில் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். சைபர் செக்யூரிட்டியைச் சிறப்புப் பாடமாக வைத்து ஆன்லைன் எம்.சி.ஏ., எம்.எஸ்சி. என்று ஒன்றரை, இரண்டு லட்சம், அதற்கு மேலும் கேட்கிறார்கள். என் மாணவன் கேட்டது இந்தப் படியில்தான்.

கீழ்ப் படி என்று சொல்ல மனம் வரவில்லை, முதல் படி என்று சொல்கிறேன். 1985-இல் தொடங்கிய இக்னோ. அங்கே எம்.சி.ஏ. நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய்தான். பாதுகாப்பும் சைபர் சட்டங்களும் அதில் ஒரு பாடமாகவே இருக்கிறது. தகவல் பாதுகாப்புக்கு என்றே ஒரு வருட முதுகலைப் பட்டயமும் வைத்திருக்கிறார்கள். நேரில் போய்ப் படிக்க முடிந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் என்று எம்.எஸ்சி. இருக்கிறது. முழு நேரம் ஆறு மாதம் ஒதுக்க முடிந்தால் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில் இந்தத் துறைக்கு ஒரு பட்டயம் இருக்கிறது.

இவை எதற்கும் முன்னால், பணமே கேட்காத ஒரு படி இருக்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள். கிரிப்டோகிராபி, நெட்வொர்க் பாதுகாப்பு எல்லாம் ஐஐடி பேராசிரியர்களே எடுக்கிறார்கள். பார்ப்பது இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் தேர்வுக்கு 1,000 ரூபாய். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் மாணவர்களுக்காக நடத்தும் பிகோ சிடிஎப் என்ற புதிர்ப் போட்டியும் இலவசம். பூட்டைத் திறந்து பார்த்து, பூட்டு செய்யக் கற்றுக்கொள்வது போல.

வட்டியில்லாத் தவணை என்ற மாயம்

என் மாணவனுக்கு மூன்று நாளில் பதினோரு போன் வந்திருக்கிறது. கட்டணம் 2,40,000. மாதம் 10,000 வீதம் 24 மாதம், வட்டியே இல்லை என்றார்களாம். "மொத்தமா கட்டினா?" என்று கேட்கச் சொன்னேன். இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் கட்டினால் 2,10,000 என்றார்கள். நகையை வைக்கும் யோசனை வந்ததே இந்தத் தள்ளுபடியால்தான்.

பிள்ளைகளே, நீங்களே கணக்குப் போடுங்கள். பொருளின் உண்மை விலை 2,10,000. அதைத் தவணையில் கட்டினால் 30,000 அதிகம். மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துப் போட்டால், வருடத்துக்கு ஏறக்குறைய 13 சதவீத வட்டி. வட்டி இல்லை என்று சொல்லவில்லை அவர்கள், வட்டி என்ற வார்த்தை இல்லை, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் தள்ளுபடிக் கணக்கு எதற்கு சார் என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

இன்னொரு செலவு யாரும் நோட்டீஸில் போடாதது. நேரம். இரண்டு வருட முதுகலை 80 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. மொத்தம் 2,400 மணி. 104 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 23 மணி நேரம். தினமும் மூன்று மணிக்கு மேல். நைட் ஷிப்ட் முடிந்து வந்து மூன்று மணி நேரம் உட்கார முடியுமா? முடியாது என்றால் அந்தப் படிப்பை நான்கு வருடம் வரை நீட்டிக்க அனுமதிக்கும் இடத்தில் சேருங்கள். வாரம் பதினொன்றரை மணி நேரம் ஆகிவிடும். அது மனிதன் செய்யக்கூடியது. பாதியில் நிற்கிற படிப்பைப் போலச் செலவு பிடித்த படிப்பு வேறில்லை.

மாப்பிள்ளையின் கட்சி

இதை எல்லாம் குடும்ப குரூப்பில் போட்டதும் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மருமகன் போன் செய்தார். "மாமா, இந்தத் துறைக்கு டிகிரியே வேணாம். சர்டிபிகேஷன் பண்ணச் சொல்லுங்க. நான் ஆள் எடுக்கும்போது டிகிரியப் பாக்கறதே இல்ல."

அவர் சொல்வதில் பாதி உண்மை. இந்தத் துறையில் பெரிதாக மதிக்கும் சிஐஎஸ்எஸ்பி சான்றுக்கு ஐந்து வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். பட்டம் இருந்தால் அதில் ஒரு வருடம் தள்ளுபடி, அவ்வளவுதான். அவர்கள் தராசில் பட்டத்தின் எடை ஒரு வருட அனுபவம்.

மறு பாதியை நான் அவரிடம் சொன்னேன். "மாப்பிள்ளை, நீங்க ஆள் எடுக்கற மேஜை வரைக்கும் அவன் வந்தாத்தானே? அதுக்கு முன்னாடியே விண்ணப்பத்தச் சலிக்கறவங்க இருக்காங்க. பெரிய காலேஜ் பேர் இருக்கறவனுக்கு டிகிரி தேவைப்படாம இருக்கலாம். நம்ம ஊர்ப் பையனுக்கு அதுதான் கேட்டைத் திறக்குற சீட்டு." மூன்று வருடப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். வெளிநாட்டில் பல இடங்களில் பதினாறு வருடப் படிப்பு கேட்கிறார்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்றும் இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வாசலைத் தாண்ட முடியும்.

ஆகவே பட்டமும் வேண்டும், கைத்திறனும் வேண்டும். பட்டத்தை விலை குறைந்த இடத்தில் வாங்கிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தையும் நேரத்தையும் கைத்திறனில் போடு என்பதுதான் என் கட்சி. மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை, தீபாவளிக்கு வருகிறார், அப்போது பார்த்துக்கொள்கிறோம்.

சேரும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. இந்த ஆண்டுக்கு, இந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா? விற்கிறவரைக் கேட்காமல் பணியகத்தின் பட்டியலில் நீங்களே பாருங்கள்.

2. செமஸ்டர் செமஸ்டராகக் கட்டலாமா? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும்? எழுத்தில் வாங்குங்கள்.

3. தேர்வுக் கட்டணம், பிராஜெக்ட் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

4. பாடத்திட்டத்தில் கணக்கு எவ்வளவு, செய்முறை எவ்வளவு? கிரிப்டோகிராபி, நெட்வொர்க், ஆப்பரேட்டிங் சிஸ்டம், சட்டம், தணிக்கை, தடயவியல் இவையெல்லாம் இருக்க வேண்டும். முதல் செமஸ்டர் முழுக்க ஆளுமை வளர்ச்சியும் கம்யூனிகேஷனும் என்றால் யோசியுங்கள். தாக்குதலைச் செய்து பார்த்துத் தடுத்துப் பழக ஆன்லைன் லேப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

5. பாடம் எடுப்பவர் யார்? பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஆசிரியரா? சந்தேகம் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

6. முடித்தவர்கள் இரண்டு பேரின் போன் எண்ணை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர்களே கொடுக்கும் எண் வேண்டாம்.

பதினோராம் நாள்

சொன்னபடி போன் செய்தேன். இதையெல்லாம் சொன்னதும் பையனுக்குக் கோபம்தான் வந்தது. "சார், நீங்களும் அம்மா மாதிரி பயப்படறீங்க. எல்லாரும் மேல போயிட்டாங்க, நான் மட்டும் இங்கியே இருக்கணுமா?" என்றான்.

அந்தக் கோபம் நியாயமானது. நைட் ஷிப்ட்டில் உட்கார்ந்துகொண்டு, கூடப் படித்தவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கிறவனுக்கு ஒரு வருடம் என்பது பெரிய காலம். நான் சொன்னேன், "தம்பி, ஆறு மாசம் குடு. என்பிடெல்ல ஒரு பாடம் எடுத்துத் தேர்வு எழுது. நீ பாக்கற கம்பெனியிலியே பாதுகாப்பு வேலை எதுன்னு பாரு. யாருக்கு எந்தக் கம்ப்யூட்டர் திறக்க அனுமதி, பழைய பாஸ்வேர்ட் எத்தன இருக்கு, பேக்கப் வேலை செய்யுதா, இதையெல்லாம் எழுதி மேனேஜர்கிட்ட குடு. அதுவே உன் முதல் அனுபவம். அதுக்கப்புறமும் இந்தத் துறை பிடிச்சிருந்தா, சம்பளத்துலருந்து செமஸ்டர் செமஸ்டரா கட்டற மாதிரி ஒரு படிப்புல சேரு. முதல் செமஸ்டருக்குக் கொறைஞ்சா எங்கிட்ட வா. நகை மட்டும் பெட்டியிலியே இருக்கட்டும்."

அன்று சரி என்று சொல்லவில்லை. நான்கு நாள் கழித்துத் தேர்வுக்குக் கட்டிய 1,000 ரூபாய் ரசீதைப் படம் எடுத்து அனுப்பினான். கீழே ஒரே வரி: "பாதுகாப்புன்னா கணக்குதான் போல சார். ரெண்டாவது வாரமே மாடுலர் அரித்மெடிக்." எட்டால் வகுத்தால் மீதி என்ன என்று நான் துரத்தித் துரத்திக் கேட்டபோது ஓடி ஒளிந்தவன் அவன்!

அவன் அம்மா நேற்று வழியில் பார்த்தார். "வாத்தியாரே, நீங்க வேணான்னுட்டீங்களாமே" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா, நகை வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்றேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

சென்னையில் ஓமந்தூர் என்று சொன்னால் "ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார்கள். 1947 முதல் 1949 வரை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஒரு விவசாயியின் ஊர் இது என்று நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஊரிலிருந்து எங்கேயும் போகலாம் என்பதற்கு அவரே சாட்சி. போகிற வழியில் அம்மாவின் கழுத்து காலியாக வேண்டியதில்லை.

இந்தத் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் பணம் கேட்கவில்லை. மாதம் ஒரு மணி நேரம், நம் ஊர்ப் பிள்ளை ஒருவனுடன் போனில் பேசுங்கள். என்ன படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்லுங்கள். யாருக்கு யாரைச் சேர்த்துவிடுவது என்ற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

2006-இல் படித்த அந்தத் தம்பி இதைப் படிப்பான். அவனிடம் அனுமதி வாங்கித்தான் எழுதினேன். "எழுதுங்க சார், இன்னொருத்தன் தப்பிச்சா சரி" என்றான். இந்தப் பொங்கலுக்கு அவன் போன் செய்யும் முன்பே நான் செய்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
ஓமந்தூர்.